பூவரசங்காய்ப் பால்

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனைக் குழாயடியில் ஒரு பூவரச மரம் இருந்தது. உப்புக் காற்றும் கம்பெனிப் புகையும் அதை ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதும். படகு கட்டுகிறவர்கள் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டிப் போவார்கள். நாங்கள் அந்த இலையில் மாவை வைத்துக் கொழுக்கட்டை அவிப்போம். எனக்கு அந்த மரம் வேண்டியிருந்தது என் வீட்டுக்காரரின் கைகளுக்காக.

அவருக்குத் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை. தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டிக்குள் கைவிட்டுப் புரட்ட வேண்டும். கல்யாணமான மறுவருஷமே முழங்கை வரை கரப்பான் புண் வந்துவிட்டது. வெடிக்கும், நீர் வடியும், காயும், மறுபடி வெடிக்கும். கம்பெனி டாக்டர் ஒரு களிம்பைக் கொடுத்து, சொறியாதே என்றார். பெரிய கண்டுபிடிப்பு!

பக்கத்து வீட்டு மீன்கார அக்காதான் வழி சொன்னாள்.

"பூவரசங்காயைக் கிள்ளுனா மஞ்சளா ஒரு பாலு வரும் பாரு, அத்தத் தடவுமே. பழுத்த எலையக் கருக்கி, தேங்காண்ணெயில கொழைச்சிப் பூசு. எம்மாம் பேருக்கு ஆறிக்கீது தெரியுமா!"

தினமும் விடாமல் பூசினேன். ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் சரியில்லை, காய் முற்றிவிட்டது என்று பழியை என்மேலேயே போட்டுக்கொண்டேன்.

பிறகு கம்பெனியில் கதவடைப்பு வந்தது. அவர் வீட்டோடு உட்கார்ந்தார். நானும் பூசுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் புண் வாடி, பக்கு உதிர்ந்து, அடியில் பச்சைக் குழந்தைக்கு இருப்பது போல இளந்தோல் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கஞ்சியைத் தவிர வேறெதுவும் எங்கள் அடுப்பில் கொதிக்காத காலம் அது. ஆனாலும் அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். கம்பெனி சீக்கிரம் திறக்கவேண்டும் என்றும் அதனிடமே வேண்டிக்கொண்டேன். என்ன மடத்தனம்!

கம்பெனி திறந்தது. முதல் நாள் வேலை முடிந்து வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கைகள் வெந்து வீங்கியிருந்தன. புதுத் தோல் அப்படியே உரிந்திருந்தது. நான் ஓடிப்போய்க் காய் பறித்து வந்தேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வாணாம்மே. நீ பூசினா ஆறிடும். ஆறினா புதுத் தோலு வரும். அதுமேல அந்தத் தண்ணி பட்டா உசிரு போவுது. பழசு சொரணையில்லாம கெடந்துச்சி, அதுவே தேவலாம். அப்டியே வுட்டுடு."

எனக்குக் கம்பெனிமேல், மரத்தின்மேல், அவர்மேல்கூட ஆத்திரம் வந்தது. சண்டை போட்டிருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. பறித்த காய்களைச் சாக்கடையில் வீசினேன். கம்பெனி திறந்துவிட்டதை நம்பிக் கடைக்காரர் அன்று கடனாக அரிசி கொடுத்திருந்தார். வெகு நாளைக்குப் பிறகு வடித்த அந்தச் சோற்றைப் பிசைந்து, அவருக்கு நானே ஊட்டிவிட்டேன்.