எந்தப் பக்கத்தில் மூடினாய் என்று கேட்டவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சண்டை போடப் போய்க்கொண்டிருந்தேன். காளிகாட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது என் பைக்குள் ஒரு புத்தகம் இருந்தது, நெஞ்சுக்குள் அதைப் பற்றி ஒரு வண்டி கோபம் இருந்தது. டாக்குரியா போய்ச் சேர்ந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஈஸ்வர்தாவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர் மனைவி லலிதாக்கா. "சாரதா, இன்னைக்கு நீ வர வேண்டாம்மா" என்றார். பிறகு, "இல்ல, உடனே வா" என்றார். ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து காபி கேட்ட ஈஸ்வர்தா, அது வருவதற்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

தமிழ்ச் சங்க நண்பர்களே, உங்களில் பலருக்குத் துறைமுகத்து ஈஸ்வரனைத் தெரியும். சரக்குக் கப்பல்களை எந்த நேரத்தில் எங்கே நிறுத்துவது என்று வயர்லெஸ்ஸில் அதட்டிக்கொண்டிருந்த அதிகாரி, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து வந்து கல்கத்தாக்காரர்களாகிவிட்ட குடும்பம் என்பதால் பாடா என்கிற அந்தப் பேட்டையில் எல்லோருக்கும் அவர் 'ஈஸ்வர்தா'. தமிழர்களாகிய நாமும் அண்ணன் என்று அழைக்காமல் அந்த வங்காளி 'தா'வையே பிடித்துக்கொண்டோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு மாடியேறியவர்களுக்குத்தான் இன்னொரு ஈஸ்வர்தாவைத் தெரியும். கூடத்துச் சுவர் முழுக்க ஜப்பானியக் காதல் மங்கா. அந்தப் படக்கதைகளில் ஒருவன் ஒருத்தியின் கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று பக்கம் பக்கமாகத் தவிப்பான். இந்த மனிதர் அதை விவரிக்கும்போது நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். நமக்கும் இதயம் படபடக்கும். அப்படிப்பட்டவரைப் பற்றி அழுது வடிந்து எழுத எனக்கு வராது.

அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்த கதையே தனி. ஒரு கப்பலில் வந்த அதிகாரி பரிசாக ஒரு மங்காவின் ஆங்கிலப் பதிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். மங்காவை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். நாம் கடைசி அட்டை என்று நினைப்பதுதான் அதற்கு முதல் அட்டை. இவருக்கு யார் சொன்னது? நம் வழக்கப்படி இடப்பக்கம் திறந்தார். 'நீங்கள் தவறான திசையில் போகிறீர்கள்' என்று அங்கே பெரிய எழுத்தில் எச்சரிக்கை அச்சிட்டிருந்தார்கள். அதைக் கதையின் தலைப்பு என்று எடுத்துக்கொண்டு, நல்ல தலைப்பாக இருக்கிறதே என்று பாராட்டிக்கொண்டே படித்திருக்கிறார். கதை கல்யாணத்தில் தொடங்கியது. போகப் போக அந்த இருவரும் மெல்ல மெல்ல விலகி, கடைசிப் பக்கத்தில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒருவரையொருவர் யாரென்றே தெரியாமல் தாண்டிப் போனார்கள். "ஏட்டி லலிதா, என்னமா எழுதியிருக்கான் பாத்தியா! கல்யாணம் பண்ணினவங்க கடைசியில யாரோ எவரோ ஆயிட்டாங்களே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். உண்மை தெரிந்தபோது வேறு யாராக இருந்தாலும் மூடி மறைத்திருப்பார்கள். இவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அதோடு, எந்த மங்காவையும் நேராக ஒருமுறை படித்தபின் திருப்பி ஒருமுறை படிப்பதை வழக்கமாகவே வைத்துக்கொண்டார்.

அவரை நான் முதலில் பார்த்தது தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில். மேடையில் சிறப்பு விருந்தினர் பேச்சை முடிக்கிற வழியைக் காணோம். நான் பின் வரிசையில் நிகழ்ச்சி நிரலுக்குள் ஒரு மங்காவை ஒளித்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் அதை மூடிவிட்டு விட்டத்தைப் பார்த்தேன். பின்னால் நின்றிருந்த ஒரு மீசை குனிந்து, "ஏம்மா, எந்தப் பக்கத்துல மூடினே?" என்று கேட்டது. எந்தப் புத்தகம் என்று அவருக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. கதாநாயகி போனில் 'சரி' என்று அடித்து, அதை அனுப்பாமல் அழிக்கிற இடம் என்றேன். "அப்ப உனக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை வா" என்றார். ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, காளிகாட்டில் தனி வீடு, அம்மா சென்னையில் தம்பியோடு என்று இருந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைக்கிற நாளாகத்தான் இருந்தது. அன்று மாறியது.

அந்த ஒரு கேள்விதான் அவருடைய தொழில்நுட்பம். ஒரு கதை பிடித்துப்போய் 'இதே மாதிரி இன்னொன்று' என்று நாம் கேட்டால், இணையம் பள்ளிக்கூடக் காதலுக்கு இன்னொரு பள்ளிக்கூடக் காதலைக் காட்டும். ஈஸ்வர்தாவுக்கு அது கட்டோடு பிடிக்காது. "பள்ளிக்கூடம் என்ன, ஆபீஸ் என்ன? அதெல்லாம் கதை உடுத்தியிருக்கிற துணி. நல்லா இருக்கிற கதையை எவனும் ஒரே மூச்சில முடிக்க மாட்டான். ஒரு இடத்துல மூடி, விரலை உள்ளேயே வச்சுக்கிட்டு, ஜன்னலைப் பாப்பான். அந்த இடத்தைச் சொல்லு, அடுத்த புஸ்தகத்தை நான் சொல்லுதேன்" என்பார்.

நியூ டவுனில் சாப்ட்வேர் வேலை பார்க்கிற ரித்திகா முதல்முறை வந்த நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பிறந்ததிலிருந்து கல்கத்தா, தமிழைவிட வங்காளம்தான் சரளம். பள்ளிக்கூடக் காதல் கதை ஒன்றைப் படித்துவிட்டுப் பறந்துகொண்டு வந்தாள். நாங்கள் ஆளுக்கொரு பள்ளிக்கூடக் கதையாகச் சொல்ல, ஈஸ்வர்தா கையை உயர்த்தி எங்களை அடக்கி, "கொதாய் தாம்லே?" என்று அவளிடம் வங்காளத்தில் கேட்டார், எங்கே நின்றாய் என்று. அந்தப் பெண் அவனுக்காகச் சோறு கட்டிக்கொண்டு போய், கொடுக்கத் துணியாமல் தானே மொட்டை மாடியில் உட்கார்ந்து தின்கிற பக்கம் என்றாள். அவர் எழுந்து போய் எடுத்து வந்தது, ரொட்டிக் கடை நடத்துகிற அறுபது வயதுக்காரருக்கும் தினமும் ஒரே ஒரு பன் வாங்க வருகிற பெண்மணிக்கும் நடக்கிற கதை. ரித்திகாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "அங்கிள், இது தாத்தா பாட்டி ஸ்டோரி!" என்றாள். "படிச்சுட்டு வந்து திட்டு" என்றார் இவர். அடுத்த ஞாயிறு வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "அந்த தாது, அதான் தாத்தா, டெய்லி ஒரு பன் எக்ஸ்ட்ரா சுட்டு, கொடுக்காம, தானே சாப்பிடறார் அங்கிள்! ஸேம்! அதே பொண்ணுதான் அவர்!" அன்று அவளைவிட ஈஸ்வர்தாதான் அதிகமாகக் குதித்தார். கீழ் வீட்டுக்காரர்கள் மேலே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் கீழ் வீட்டுத் தம்பதியையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஏதோ மனஸ்தாபத்தில் இருவரும் பேசிக்கொள்ளாமல் இருந்த சமயம். ஒரு நீண்ட தொடரை எடுத்து, முதல் தொகுதியை மனைவிக்கும் இரண்டாவதைக் கணவருக்கும், மூன்றாவதை மறுபடி மனைவிக்கும் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். தனக்கு வந்ததைப் புரிந்துகொள்ள மற்றவரைக் கேட்டே ஆக வேண்டும். முதலில் வேலைக்காரப் பெண் மூலம் கேட்டார்கள். பிறகு அவளுக்கு அலுத்துப்போய், "நீங்களே பேசிக்குங்க" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் இருவரும் ஒன்றாக மாடியேறி வந்து அடுத்த தொகுதி எங்கே என்று ஈஸ்வர்தாவோடு சண்டை பிடித்தார்கள். அவர் மீசைக்குள் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்முன் நிற்கிறது.

இனி என் கதை. ஞாயிற்றுக் கூட்டத்துக்கு அனிமேஷ் என்று ஒருவரும் வருவார். துறைமுகத்தில் ஈஸ்வர்தாவின் சகா, டாக்குரியாக்காரர், வங்காளி. ஈஸ்வர்தாவிடம் தமிழ் கற்றதால் அவர் பேசுவது ரசகுல்லாப் பாகில் ஊறிய திருநெல்வேலித் தமிழ். போன துர்கா பூஜைக்கு முன்னால் டாக்குரியா ரயில் நிலையத்தில் என்னை வழியனுப்ப வந்தவர், ரயில் வருகிற சத்தத்துக்கு நடுவே, "சாரதா, நாம கல்யாணம் கட்டிக்கிடுவோமா?" என்று கேட்டார். எனக்கு நாற்பத்து நான்கு வயது. என் சாவி, என் கதவு, என் ஞாயிறு என்று பழகிவிட்டேன். இன்னொருவருக்கு அதில் இடம் விட முடியுமா என்று உள்ளூர நடுங்கினேன். அவரைப் பிடிக்காமல் இல்லை, அதுதான் பயமே. "யோசிச்சு சொல்றேன்" என்றேன். பூஜை போயிற்று, குளிர்காலம் போயிற்று. அவரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் அடிபடத் தொடங்கியது.

ஈஸ்வர்தாவுக்கு இது தெரியுமா என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஆனால் அவர் எனக்குக் கொடுத்த புத்தகங்களைக் கவனித்தேன். மருத்துவமனைக் கதை, கிராமத்துத் தபால்காரி கதை, இளவரசன் கதை, எதைத் திறந்தாலும் யாரோ ஒருத்தி யாருக்கோ பதில் சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பொறுக்காமல், "என்ன ஈஸ்வர்தா, உங்க அலமாரில வேற கதையே இல்லையா?" என்று கேட்டேவிட்டேன். "கதை நெறய இருக்கு. நீ மூடுற பக்கம்தான் ஒண்ணே ஒண்ணு" என்றார். அனிமேஷ் எதிரே உட்கார்ந்து ஏதோ புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சூடேறிவிட்டது.

அவர் போவதற்கு முந்தின ஞாயிறன்று கொடுத்தது ஒரே தொகுதியில் முடிகிற சிறிய கதை. "இதைப் படிச்சுட்டு என்கூடச் சண்டைக்கு வா" என்றார். முதல் பக்கத்திலேயே துறைமுக ஊரின் ரயில் நிலையத்தில் ஒருவன் ஒருத்தியிடம் கேட்டுவிடுகிறான். அவள் பிறகு சொல்கிறேன் என்கிறாள். மழை வருகிறது, பனி வருகிறது. கடைசிப் பக்கத்தில் அவன் ஏறிய கப்பல் நகர்ந்து போக, அவள் கரையில் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். அவ்வளவுதான், முடிந்தது. இதுவரை கொடுத்த கதைகளில் எல்லாம் எப்படியோ கடைசியில் பதில் சொல்லிவிடுவார்கள். இதில் மட்டும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைக் கட்டிலில் வீசினேன். என்ன மனிதர் இவர், இதைப் போய் எனக்குக் கொடுப்பாரா! அந்தச் சண்டையைத்தான் பையில் போட்டுக்கொண்டு காளிகாட்டில் நின்றிருந்தேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் வந்த ஞாயிறன்று லலிதாக்கா நம் எல்லோரையும் கூப்பிட்டார். "அலமாரியைப் பூட்டி வச்சா அவுகளுக்குப் பிடிக்காது" என்றார். நான் அந்தப் புத்தகத்தை நீட்டினேன். எனக்கு வேண்டாம் என்றேன், அழுகை வேறு வந்தது. லலிதாக்கா வாங்கிக்கொள்ளவில்லை. "நேரா மட்டும்தான் படிச்சியா?" என்று கேட்டார். "அவுக இதைத் திருப்பிப் படிச்சுட்டு ஒரு நாள் பூரா சிரிச்சுக்கிட்டே இருந்தாக."

ஜன்னலோரமாக உட்கார்ந்து இடப்பக்கம் திறந்தேன். 'நீங்கள் தவறான திசையில் போகிறீர்கள்.' போனேன். கப்பல் கரைக்குத் திரும்பி வந்தது. அவன் இறங்கினான். அவள் வாய் மூடிக்கொண்டது, கண்ணீர் கண்ணுக்குள் போயிற்று. பனி வானத்துக்கு ஏறியது, மழை மேகத்துக்குள் போயிற்று. இருவரும் பின்னோக்கி நடந்து நடந்து அந்த ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். அங்கே, கடைசிப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில், அவன் அப்போதுதான் கேட்டு முடித்திருந்தான். அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவனைப் பார்த்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். அனிமேஷ் சமையலறையிலிருந்து தட்டில் காபி டம்ளர்களோடு வந்துகொண்டிருந்தார். "அனிமேஷ், அன்னிக்கு ஸ்டேஷன்ல ஒண்ணு கேட்டீங்களே. அதை மறுபடி கேளுங்க" என்றேன். "எல்லாரும் இருக்காவளே" என்றார். "இருக்கட்டும், கேளுங்க." தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், "சாரதா, நாம கல்யாணம் கட்டிக்கிடுவோமா?" என்று கேட்டார். தஞ்சாவூர்க்காரியான நான் அவருடைய தமிழிலேயே சொன்னேன்: "கட்டிக்கிடுவோம்." ரித்திகா போட்ட கூச்சலில் ஏரிக்கரைக் காக்கைகள் பறந்திருக்கும். லலிதாக்கா சிரித்தார், உடனே முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இதைக் கேக்க அவுக இல்லையே" என்றார். நானும் அக்காவும் கட்டிக்கொண்டு அழுதோம். காபி ஆறிப்போயிற்று.

அந்தப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பித் தரப் போவதில்லை. ஞாயிறுகளில் புதிதாக வருகிறவர்களிடம் அந்தக் கேள்வியை இப்போது நான் கேட்கிறேன். அவர் கேட்ட மாதிரி இல்லைதான், பழகிவிடும். அவரை நினைக்கும்போது அவர் பழக்கப்படியே திருப்பிப் படித்துக்கொள்கிறேன். நாற்காலியில் தொடங்குகிறேன். அவர் கண் திறக்கிறார், ஏரிக்கரைக்கு நடக்கிறார். தொகுதிகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்புகின்றன. கூடத்தில் நாம் எல்லோரும் கத்துகிறோம், பிறகு ஒவ்வொருவராக மாடியிறங்கிப் போகிறோம். கடைசிப் பக்கத்தில் பொங்கல் விழா, பின் வரிசை. யாரென்றே தெரியாத ஒரு பெரிய மீசைக்காரர் எனக்குப் பின்னாலிருந்து குனிகிறார்.

"ஏம்மா, எந்தப் பக்கத்துல மூடினே?"