நிற்காத பெடல்

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் தையல் மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் துணி வெட்டுகிற மேசை அது. அதன் மேல் ஒரு நூல் பிசிறு கிடந்தால்கூட எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், யாருடைய சட்டைக்கோ வந்த வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் எண்ணெய் பூசிய சைக்கிள் செயின் ஒன்று நீட்டிப் படுத்திருந்தது.

"குட்டீ!" என்று கத்தினேன்.

"தொடாதீங்கண்ணி, எண்ணெய் வடியட்டும்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மன்னிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

குட்டி என்பது வீட்டில் கூப்பிடுகிற பேர். ஆளைப் பார்த்தால் என்னைவிட அரையடி உயரம், வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. கடையை ஒட்டித்தான் மேட்டுச் சாலை தொடங்குகிறது. மேலே இருக்கிற வீடுகளுக்கு மாத்திரையும் ஊசி மருந்தும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பாள். மழையா வெயிலா என்று பார்க்க மாட்டாள். "குட்டி மணியடிச்சாத்தான் எனக்கு மாத்திரை ஞாபகமே வருது" என்று மேலே ஒரு பெரியவர் சொல்வாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ பட்டம் வாங்கியவள் மாதிரி இருக்கும்.

அந்த மேட்டில்தான் ஒருநாள் யாரோ பார்க்காமல் கார் கதவைத் திறந்தார்கள், குட்டி அதில் மோதி விழுந்தாள். இடது முழங்கால் போயிற்று. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். எழுந்து நடந்தாள், மாடிப்படி ஏறினாள், ஆனால் அந்தக் கால் பழையபடி மடங்கவில்லை. இதற்கு மேல் மடங்காது என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த அம்மா சொல்லிவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் பயந்தவர். "கவுண்டர்ல உட்காரும்மா, நாற்காலி போட்டுத் தரேன்," என்றார். கடைக் கண்ணாடியில் 'சைக்கிளில் மருந்து கொண்டுபோக ஆள் தேவை' என்று ஒரு தாளும் ஒட்டிவிட்டார். எங்கள் ஜன்னலைத் திறந்தால் அதுதான் கண்ணில் படும். குட்டி அதைப் பார்த்துக்கொண்டே தினமும் டீ குடிப்பாள்.

என் வீட்டுக்காரர் தங்கைக்காக ஸ்கூட்டர் விலை விசாரித்துக்கொண்டு வந்தார்.

"அதுல ஏறினா ஓடப்போறது மோட்டார். நான் எங்க ஓடறேன்?" என்றாள்.

"ஏன்டி, பட்டது போதாதா?"

"போதாதுண்ணா."

அவ்வளவுதான். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால் மூன்றே கால்தான். நேராக எதிர்க்கடைக்குப் போய், "மாசக் கடைசி சனிக்கிழமை மேட்டுல ஏறி மூணு வீட்டுக்கு மருந்து குடுத்துட்டு வரேன். முடிஞ்சா அந்தத் தாளைக் கிழிச்சுடுங்க. முடியலேன்னா நானே வந்து நாற்காலியில உட்கார்றேன்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து பிடித்தது சனி, எனக்கு.

முதலில் ஸ்போக்ஸ் வந்தார். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஆள் சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி இருப்பதால் அந்தப் பேர். பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவரும் குட்டியும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டத்தோடு சைக்கிள் ஓட்டுகிறவர்கள். அவர்கள் ஓட்டுவது கியர் இல்லாத வண்டி, ஒரே பல்சக்கரம், அதிலும் பெடலோடு சக்கரம் இறுகப் பிணைந்த வண்டி. நம் வண்டியில் காலை நிறுத்தினால் பெடல் நின்றுவிடும், வண்டி தானாக உருளும். இதில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"கால் சரியில்லாதவளுக்கு இந்தப் பேய் வண்டி எதுக்கு?" என்று கேட்டேன்.

"கால் சரியில்லாததாலதான் அண்ணி. இடது பெடல் உச்சிக்கு வரும்போது வலது பெடல் அடியில இருக்கும். அந்த இடத்துல ரெண்டு காலாலயும் தள்ள முடியாது. சாதாரண வண்டின்னா என் கால் அங்கயே மாட்டிக்கிட்டு நிக்கும். இதுல சக்கரமே என் காலைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டுடும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மருந்து கொண்டுபோகிற பழைய வண்டியில் அப்படிப் பிணைத்த பின்சக்கரத்தை மட்டும் மாட்டி, எங்கள் வீட்டு நடையில் வைத்து அதில் ஏறி உட்கார்ந்தாள். நானும் அவள் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம். இரண்டு முழம் போயிருப்பாள். இடது பெடல் மேலே வந்தது, முழங்கால் மடங்கவில்லை, ஆனால் பெடல் காத்திருக்குமா? அப்படியே அவளைச் சீட்டிலிருந்து தூக்கிச் சுவரில் அடித்தது. வலியில் அவள் முகம் வெளுத்துப்போயிற்று. என் வீட்டுக்காரர் வண்டியைக் காலால் எட்டி உதைத்தார். ஒரு எறும்பைக்கூட உதைக்காத மனிதர்.

"இதோட விட்டுடு," என்றார்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். "வட்டம் பெரிசா இருக்கு. வேற ஒண்ணுமில்ல. அண்ணி, உங்க சாக்பீஸைக் குடுங்க."

துணியில் கோடு போடுகிற என் சாக்கையும் கொஞ்சம் நூலையும் வாங்கி, நான் வெள்ளையடித்து வைத்திருந்த சுவரில் வட்டம் வட்டமாகப் போட்டாள். எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து, ஒன்றுக்குள் ஒன்றாக. பிறகு உயரமான முக்காலியைப் போட்டு, சுவரை ஒட்டி உட்கார்ந்து, இடது பாதத்தால் ஒவ்வொரு வட்டமாகச் சுற்றிப் பார்த்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். பெரிய வட்டத்தில் உச்சிக்குப் போகும் முன்பே பல்லைக் கடித்தாள். அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதில் பாதம் முழுச் சுற்றும் போய் வந்தது. இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று வேர்த்துக் கொட்டும்வரை சுற்றினாள்.

"அளங்க அண்ணி."

நடுப்புள்ளியிலிருந்து கோடு வரை டேப் வைத்தேன். பதினாலு சென்டிமீட்டர். பெடலைத் தாங்குகிற கிராங்க் கம்பியின் நீளம் அதுதானாம். பெரியவர்கள் வண்டியில் இருப்பது பதினேழு. நான் ரவிக்கைக்கு அளவெடுத்திருக்கிறேன், சட்டைக்கு அளவெடுத்திருக்கிறேன். வலிக்கு அளவெடுத்தது அன்றைக்குத்தான். சும்மா சொல்லக்கூடாது, அன்றிலிருந்து நான் அவள் கட்சி.

பதினாலு என்றதும் ஸ்போக்ஸ் சிரித்தார். "அது குழந்தைங்க வண்டி கிராங்காச்சே!" ஆனாலும் தேடிக் கொண்டுவந்தார். கிராங்க் குட்டையானதால் சீட்டைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். பாதம் பெடலிலிருந்து நழுவாமலிருக்க நான் பட்டை தைத்துக் கொடுத்தேன், இரட்டைத் தையல். பின்சக்கரத்தை ஸ்போக்ஸ் புதிதாகக் கட்டினார். அதன் ஒரு பக்கம் பிணைத்த பல், மறுபக்கம் சாதாரணமாக உருளுகிற பல். "பயமா இருந்தா சக்கரத்தைக் கழட்டித் திருப்பிப் போட்டுக்கலாம்," என்றார். என் வீட்டுக்காரர் அதை மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

எல்லாம் செய்தவள், ஒன்றில் மட்டும் வீம்பு பிடித்தாள். முன் பல்சக்கரத்தில் நாற்பத்தெட்டுப் பல், பின்னால் பதினாறு; மிதிக்கக் கனமான கணக்கு. விழுவதற்கு முன் ஓட்டியது அதுதான். அதற்குக் குறைந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேலி செய்வார்களாம். குட்டைக் கம்பியால் அந்தப் பாரத்தை மிதித்தால் என்ன ஆகும்? மேட்டில் கால்வாசிகூடப் போகவில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். எதிர்க்கடைக்காரர் பார்க்காத மாதிரி பில் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாப்பிடவில்லை. நான்தான் வாயைத் திறந்தேன். "இடுப்பு பெருத்தவ பழைய அளவுச் சட்டைதான் வேணும்னு என்கிட்ட வந்தா, நான் என்ன சொல்வேன் தெரியுமா? உடம்புக்குத்தான் சட்டை, சட்டைக்கு உடம்பு இல்லைன்னு சொல்வேன்."

"என்னை குண்டுன்னு சொல்றீங்களா?"

"மண்டுன்னு சொல்றேன்."

சிரித்துவிட்டாள். மறுநாள் மிதி லேசாகும்படி முன்னால் நாற்பத்திரண்டு, பின்னால் இருபது என்று மாற்றினாள். ஸ்போக்ஸ் வாயைத் திறக்கப் போனார். "பேசினா சக்கரத்துல சொருகிடுவேன்," என்றாள்.

அதன் பிறகு தினமும் ஓட்டினாள். முதலில் நடையில், பிறகு சமதளத்தில், பிறகு மேட்டில் பாதிவரை. முன்சக்கரத்துக்கு பிரேக் வைத்திருந்தாள், இறங்கும்போது அதைப் பிடித்துக்கொண்டே பெடலையும் காலால் எதிர்த்து அமுக்கப் பழகினாள். முழு மேட்டைச் சனிக்கிழமைக்கு என்று வைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வண்டியை நடையிலிருந்து வெளியே தள்ளினாள். கிர்ர்ர் என்று ஒரு சத்தம். சாதாரண சைக்கிள் உருளும்போது வருமே, அதுதான். அவள் வண்டியில் அந்தச் சத்தம் வரவே கூடாது. பெடல் ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"யாரு கை வச்சது?"

நான் திருதிருவென்று விழித்தேன். என் வீட்டுக்காரர் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் சட்டைக் கைமுனையில் கறுப்பாக ஒரு விரல் தடம். நான் தைத்த சட்டை. முந்தின நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்தில் சக்கரத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

எதிரே கடைக்காரர் மருந்துப் பையோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

குட்டி கத்தவில்லை. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள்.

"நீதானே திருப்பின. நீயே திருப்பு."

"மாட்டேன்." அவர் குரல் உடைந்தது. "அன்னைக்கு ரோட்டுலேர்ந்து உன்னைத் தூக்கினவன் நான்டி. உன் கால் தனியாத் தொங்கிச்சு என் கையில. இன்னொரு தரம் தூக்க எனக்குத் தெம்பில்ல."

"எனக்கு மட்டும் இருக்கா? அதுக்குத்தானே சுவரெல்லாம் கோடு போட்டு, ஒவ்வொண்ணாப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். நீ மாத்தினதுதான் என்னைத் தள்ளும். பாதி மேட்டுல இந்தக் கால் உச்சியில நின்னுபோச்சுன்னா நான் பின்னாலதான் உருளுவேன்."

அவர் என்னைப் பார்த்தார். "என்னை எதுக்குப் பார்க்கிறீங்க? வாங்குங்க," என்றேன்.

வாங்கினார். தெருவிலேயே மண்டியிட்டார். நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பி, செயினை மாட்டினார். குட்டி குனிந்து கட்டைவிரலால் செயினை அமுக்கிப் பார்த்தாள்.

"இன்னும் இழு. நேத்தும் இப்படித்தான் தொளதொளன்னு விட்டிருந்த. திருப்பினதைக்கூட மன்னிச்சிடுவேன், இதை மன்னிக்க மாட்டேன்."

அவர் சக்கரத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்து நட்டை முறுக்கினார். அவள் மறுபடி அமுக்கினாள். தலையசைத்தாள். ஏறினாள்.

கடைக்காரர் பையை அவள் தோளில் மாட்டினார்.

மெதுவாகத்தான் போனாள். பக்கத்தில் நடந்துபோன ஒருவர் அவளை முந்திவிட்டார். இடது முழங்கால் மேலே வரும், இதோ நின்றுவிடும் என்று நாங்கள் மூச்சைப் பிடிப்போம், சக்கரம் அதைத் தூக்கி அந்தப் பக்கம் விடும். மறுபடி மேலே வரும். விழுந்த இடம் வந்தது. அங்கே ஒரு கார் நின்றிருந்தது. குட்டி இரண்டு முழம் விலகி, அதைத் தாண்டிப் போனாள். பாதி மேட்டில் வண்டி ஒருமுறை கோணலாக ஆடியது, என் வீட்டுக்காரர் ஓட எழுந்தார், நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சக்கரம் நேரானது. ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் உதடு அசைந்தது, தானே மிதிக்கிற மாதிரி. உச்சியில் அவள் முதுகு ஒரு நொடி தெரிந்தது. பிறகு தெரியவில்லை. மேலேயிருந்து மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

கடைக்காரர் உள்ளே போனார். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். அவள் திரும்பி வரும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மண்டியிட்ட இடத்திலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினார். நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"கையெல்லாம் கிரீஸ். கண்ணுல பட்டா எரியும், இருங்க," என்று என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.