மெதுவாக நடப்பவரின் கிழமை

இதை எழுத நாலு வருடம் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். சாமி விஷயத்தில் தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயம்.

சிங்கப்பூர், சனிக்கிழமை, மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்குக் கோயில் நடை சாத்திவிடுவார்கள். சனி பகவானுக்குத் தன் கையால் எள் விளக்கு ஏற்றவேண்டும் என்று ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறாள் என் மனைவி. அவளுக்கு முழங்கால் வலி. ஜாலான் புசார் விடுதியிலிருந்து நடந்து வருகிறோம். நான் வழக்கம்போல முன்னால் ஓடிவந்து, சிராங்கூன் சாலைப் பூக்கடையில் மூச்சுவாங்க நிற்கிறேன்.

"ஆன்ட்டி எங்க, அங்கிள்?" என்கிறார், நேற்று எங்கள் இருவரையும் சேர்ந்து பார்த்திருந்த பூக்கட்டும் அம்மா.

"பின்னால ஆடி அசைஞ்சு வருது. நேரமாச்சு, நானே ஏத்திடறேன். விளக்கக் குடும்மா."

அவர் சிரித்தபடி, சிங்கப்பூர்க்காரர்களின் 'லா' சேர்த்துச் சொல்கிறார். "சனின்னா என்ன அர்த்தம் தெரியுமா? மெதுவா போறவர். வானத்துல ஒரு ரவுண்டு வர அவருக்கு முப்பது வருஷம் ஆகும். கிழமைன்னா உரிமை. இது அவரோட நாள் லா! ஆன்ட்டிதான் சரியா வர்றாங்க. நீங்க ஏன் ஓடுறீங்க?"

விளக்கை வாங்கிக்கொண்டு திரும்பி நடக்கிறேன். சாலை கடக்குமிடத்தில் நிற்கும் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"என்ன, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்கிறாள்.

கோயில் கதவை இழுக்கப்போன குருக்கள் எங்களைப் பார்த்துவிட்டு, "வாங்கம்மா, மெதுவாவே வாங்க" என்று காத்து நிற்கிறார். அவள் தன் கையாலேயே விளக்கை ஏற்றுகிறாள்.

இதை அடுத்தவருக்குச் சொல்லும்போது ஒரு வார்த்தையும் மாற்றாதீர்கள். நான் முன்னால் ஓடியதையும் சேர்த்தே சொல்லுங்கள்.