நான் காவாத சுவாமி

முப்பது வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். பனி கொட்டத் தொடங்கிய நேரம், பஸ் பிந்திய நிமிடம் எல்லாம் அதில் இருக்கும். கனடாவில் இந்த ஸ்காபரோவின் வரலாற்றை எழுதப் புறப்படுகிறவர் என்னிடம்தான் வரவேண்டும் என்று ஓர் எண்ணம். இதுவரை அதைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டேன். ஊசி தோள்மூட்டுக்குள் இறங்கிவிட்டது என்று பின்னர் மருத்துவர் சொன்னார். அன்று மாலையே இடக்கையை உயர்த்த முடியவில்லை. ‘இலேசான உளைவு’ என்று எழுதி வைத்தேன், வீரம். ஒன்றரை வருடமாகியும் சேர்ட் போட மனைவியின் உதவி வேண்டும்.

தடுப்பூசியால் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் இழப்பீடு தரும் என்று அறிந்து, மனைவியோடு அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ் வழக்கறிஞரிடம் போனேன். வலி எப்போது தொடங்கியது என்பதுதான் முக்கியம் என்றார். பெருமையோடு நாட்குறிப்பை நீட்டினேன்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அங்கிள், வெள்ளி ஊசி. ஞாயிறு சூரன் போருக்கு முருகனை இடத்தோளில காவினதெண்டு எழுதியிருக்கிறீங்கள். மூண்டு சுத்து.”

“நான் காவேல்லைப் பிள்ளை.”

“அப்ப ஏன் எழுதினீங்கள்?”

மற்றவர்கள் சுவாமியைத் தோளில் சுமக்க, நான் வலியில் காவுதடியைத் தொட்டபடி நடந்ததுதான் உண்மை. வருடா வருடம் காவுகிறவன், அந்த வருடம் காவவில்லை என்று எழுத மனம் வரவில்லை.

“பஸ் ரெண்டு நிமிசம் பிந்தினதை எழுதுற மனுசன்,” என்றாள் மனைவி. “உதில மட்டும் பொய்.”

நாட்குறிப்பில் இந்தப் பக்கம் இருக்கும்வரை தோள் கோயிலில்தான் பழுதானது என்பார்கள் என்று வழக்கறிஞர் சொன்னார். நான் காவவில்லை என்று அன்று சுவாமியைக் காவியவர்கள் எழுதித் தரவேண்டுமாம்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போய், என்னோடு காவுகிறவர்களிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். எனக்கு முன்னால் காவுகிற, மில்லிக்கனில் இருக்கும் நெடிய தம்பி பேனையை எடுத்தான்.

“காவேல்லையெண்டு எழுதத்தானே வேணும்? எத்தினை வருசத்துக்கு அண்ணை?”

“ஏன்?”

“நீங்கள் கட்டை. எங்கட உயரத்துக்கு அந்தத் தடி உங்கட தோளில எப்ப முட்டினது?”

கடிதத்தை விண்ணப்பத்தோடு அனுப்பிவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை. அந்த ஞாயிறு நாட்குறிப்பில், உண்மையாகவே, இப்படி எழுதியிருக்கிறேன்: ஐந்து பேர் கையொப்பமிட்டார்கள். ஒருவரும் தயங்கவில்லை.