நரம்புல ஊசி

திலக் நகரில் அண்ணன் வாங்கிய புது ஃபிளாட்டுக்குப் பால் காய்ச்சியது ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. தாராவியிலிருந்து நானும் மகளும் ஆட்டோவில் போய் இறங்கியபோது இருவர் துணியும் முழங்கால் வரை நனைந்திருந்தது. அந்த நாளை நான் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை.

அந்த வருட மே மாதம் மகள் முதல் தடவை நீட் எழுதி, சீட்டுக்குக் கிட்டக்கூடப் போகவில்லை. இன்னும் ஒரு தடவை எழுதலாம், அதோடு சரி, பிறகு கிடைக்கிற பி.எஸ்ஸி.யில் சேர வேண்டியதுதான் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். முதல் தடவை அவள் படித்ததெல்லாம் மைனி கொடுத்த புத்தகங்கள். மைனி என்றால் என் அண்ணன் மனைவி. அவள் மகன் பெரிய கோச்சிங் கிளாஸில் படித்து, தனியார் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம் இருந்தான். கிளாஸில் அச்சிட்டுக் கொடுக்கும் புத்தகங்களை மாடியூல் என்பார்கள். இரண்டு கோணி நிறைய மாடியூலை ஒரு பொங்கலன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் மைனி எங்களுக்குக் கொடுத்தாள். அன்று எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். நானும் புகழ்ந்தேன்.

பால் காய்ச்சிய அன்று, சாப்பாடு முடிந்து, ஹாலில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். சோபாவில் இருந்த மைனியின் மகன் என் மகளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன டாக்டரம்மா, படிப்பு எப்படிப் போகுது? ஒரு ஈஸி கேள்வி கேக்கட்டா?"

"கேளுங்க அத்தான்."

"ஆஸ்பத்திரில டிரிப்ஸ் ஏத்துறாங்கல்லா, அத எதுல ஏத்துவாங்க?"

அவள் யோசிக்கவே இல்லை. "நரம்புல."

அவன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "நெர்வ்லயா? மர் ஜாயேகா பேஷண்ட்! செத்துப் போயிருவான்!"

எங்கள் வீட்டில், எங்கள் சந்தில், ரத்தம் ஓடும் குழாய்க்கும் நரம்பு என்றுதான் பெயர். "நரம்பே கெடைக்கல, இந்தக் கைய நீட்டு" என்றுதான் கிளினிக்கில் ஊசி போடும் பெண்ணும் சொல்லுவாள். புத்தகத்தில் நரம்பு வேறு, சிரை வேறு. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் என் மகள் சரியாகச் சொல்லியிருப்பாள். தமிழில் கேட்டான், வீட்டுத் தமிழில் பதில் சொன்னாள். அவனும் அதே தமிழில் வளர்ந்தவன்தான். அதனால்தான் அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தான்.

"ஏ மாப்ள, மொறப்பொண்ணுக்கு இப்பமே பரீட்ச வைக்கியா? நாளைக்கு அவ ஒனக்கு வைப்பா பாரு" என்று ஒரு பெரியம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு முடிந்திருக்கும். வெற்றிலைத் தட்டோடு வந்த மைனி விடவில்லை.

"நரம்புல ஊசி போடுத டாக்டரா! நம்ம வீட்டு ஆளுக யாரும் அந்த ஆஸ்பத்திரி பக்கம் போயிராதிய." பிறகு என்னைப் பார்த்தாள். "நாங்க குடுத்த மாடியூலத் தொட்டாவது பாத்தாளா? அவளுக்கு ஏத்தாப்ல லேசான புக்கா வாங்கிக் குடு. நர்சிங்குக்கும் என்ட்ரன்ஸ் இருக்காம்லா."

நர்சிங் படிப்பில் ஒரு குறையும் இல்லை. மைனி அதைச் சொன்ன விதத்தில்தான் இருந்தது. மகள் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அவள் விரல் மட்டும் பாயின் ஓரக் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தது. அண்ணனும் சிரித்தார்.

கை கழுவப் போகும்போது மைனியின் இளைய மகள் அறை திறந்திருந்தது. அவள் அப்போது பத்தாவது. அலமாரியில் பச்சை அட்டைப் புத்தகங்கள் வரிசையாக நின்றன. எங்கள் வீட்டு மாடியூல்களில் இருக்கும் அதே அட்டை, அதே முத்திரை. முதுகில் 'விடைகளும் விளக்கங்களும்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. முந்தின வருடம் மகளுக்காக நான் போனில் கேட்டபோது, "கிளாஸ்காரன் ஆன்சர் கீயே தரலியே, புள்ளைகளே கண்டுபிடிக்கணுமாம்" என்று சொன்னவள் மைனி. என் மகள் ஒரு வருடம் முழுக்க, போட்ட விடை சரியா தவறா என்று தெரியாமலே ஆயிரக்கணக்கான கேள்விகளுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை, கோணிகளைப் பரணிலிருந்து இறக்கினேன். எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் முதலில் அச்சிட்ட வருடத்தைப் பார்ப்பது என் பழக்கம். மாட்டுங்கா நூலகத்தில் கதைப் புத்தகம் எடுத்தாலும் அப்படித்தான். மாடியூல்கள் எல்லாம் நீட் பாடத்திட்டத்தைக் குறைப்பதற்கு முன் அச்சானவை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினாள்.

"மம்மி, இது ஹடா தியா, சிலபஸ்லருந்து எடுத்துட்டாங்க. இதுவும் இப்ப கெடையாது. நான் தீவாளி லீவு பூரா இதத்தான் படிச்சேன்."

"மைனிக்குத் தெரியாம நடந்திருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். பழைய பாடத்தைப் பொறுத்தவரை அப்படியும் இருக்கலாம். பச்சை அட்டைப் புத்தகங்களுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. பழிவாங்குவது என்று அன்று முடிவு செய்தேன். அவளைப் போலக் கூட்டத்தில் வைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதில் எனக்குத் திருப்தி வராது. சீட்டு வாங்க வேண்டும். அதற்குப் புத்தகத்தை நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மகளோடு மாட்டுங்கா கிங் சர்க்கிள் நடைபாதைக்குப் போனேன். பழைய புத்தகக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் ஷீட்டை விலக்கி ஒரு கட்டை எடுத்துப் போட்டார். டாப்பர் ஒருவனுடைய முழு செட்டாம். புரட்டினேன். ஒரு பென்சில் கோடுகூட இல்லை. டாப்பர் படித்த புத்தகம் எப்படி இத்தனை புதிதாக இருக்கும் என்று இந்தியில் கேட்டேன்.

"பனா நஹி தீதி, இஸீலியே தோ நயா ஹை" என்று அவரே சிரித்துவிட்டார். அவன் டாப்பர் ஆகவில்லையாம், அதனால்தான் புதிதாக இருக்கிறதாம்.

மகளுக்குத் தடியான, வண்ணப்படம் போட்ட ஒரு உயிரியல் கைடு மேல் ஆசை. "எல்லாரும் இதத்தான் படிக்காங்க மம்மி."

"எல்லாருக்கும் சீட்டு கெடச்சிருச்சா?"

அவள் கைடைக் கீழே வைத்தாள். கடைசியில் வாங்கியது கொஞ்சம்தான். மத்திய போர்டின் இரண்டு வருடப் பாடப்புத்தகங்கள், புதிய பதிப்பு. பழைய நீட் வினாத்தாள்கள். பாடத்துக்கு ஒரு வினா வங்கி, விடை அதே புத்தகத்தின் பின்பக்கம் இருக்க வேண்டும் என்று பார்த்து எடுத்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், இது போதுமா என்று மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

வினா வங்கிகள் பழையவை என்பதால் நீக்கிய பாடங்கள் அவற்றில் இருந்தன. கிழித்தால் அடுத்த பக்கமும் போகும். அடித்துவிட்டால் கண் அங்கேயே போகும். தையல் கார்கானாவிலிருந்து துணி வாங்கி வந்து வீட்டில் தைக்கிறவள் நான். சாக்கு ஊசியில் சிவப்பு நூல் கோத்து, நீக்கிய ஒவ்வொரு பாடத்தையும் ஓரம் சேர்த்துத் தைத்து மூடினேன். ஒவ்வொரு குத்துக்கும் மைனியின் முகத்தை நினைத்துக்கொண்டேன். வேலை வெகு சுத்தமாக வந்தது.

நரம்பு மிச்சம் இருந்தது. இன்னும் எத்தனை சொல் அப்படி ஏமாற்றுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் உயிரியல் புத்தகங்களை, தமிழ் வழியில் உள்ளவற்றை, ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் மூலம் வரவழைத்தேன். மகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. எனக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும், ஆங்கிலப் பாடம் புரியாது. காலையில் தண்ணீர் பிடித்து முடித்ததும் நான் தமிழ்ப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பேன். அவள் ஆங்கிலப் புத்தகத்தில் அதே இடத்தில் விரல் வைத்துக்கொண்டு வருவாள். வீட்டுச் சொல் ஒன்றும் பாடச் சொல் ஒன்றுமாக மோதும் இடத்தில் நிறுத்துவோம்.

"பித்தம்னா தலசுத்து தானே மம்மி?"

"நம்ம வீட்ல தலசுத்து. இங்க கல்லீரல்ல சுரக்குற பித்தநீர்."

"ஓ, பைல்! இது பைலா? அப்போ சதைன்னா?"

"ஒங்க அப்பா வயித்துல இருக்கது கொழுப்பு. புத்தகத்துல இருக்கது தசை."

அப்பா பாயில் படுத்தபடியே, "காலைலயே என்ன ஏன் அறுக்கிய?" என்பார். அவள் சிரித்துச் சிரித்துப் படித்தாள். ஒரு தடவை தமிழில் புரிந்துவிட்ட பாடம் அவளுக்கு மறக்கவில்லை. வெறும் மனப்பாடமாக இருந்தது படமாக மாறியது என்று சொன்னாள். பாதி மதிப்பெண் உயிரியலுக்குத்தான் என்பதால் அதை மட்டும் இரண்டு தடவை முழுதாக வாசித்தோம். இரண்டாம் தடவை முடித்தது பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. என் தொண்டை கட்டிக்கொண்டது.

மே மாதம் எழுதினாள். ஜூனில் முடிவு வந்தது. அரசுக் கல்லூரியில் எங்கேயாவது ஒரு சீட்டு நிச்சயம் என்கிற அளவு மதிப்பெண்.

எங்கள் பக்கத்தில் நல்ல சேதி எதுவானாலும் முதலில் தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும். என் மகளுக்குத் தாய்மாமன் என் அண்ணன்தான். "மச்சானுக்குச் சொல்லிட்டியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சொல்லலாம் என்றேன். ஊரில் சித்திக்குச் சொன்னேன். சான்பாடாவில் நாத்தனாருக்குச் சொன்னேன். பால் காய்ச்சிய அன்று பாயில் உட்கார்ந்து சிரித்தவர்களில் நம்பர் இருந்த ஒவ்வொருத்திக்கும் சொன்னேன். திலக் நகருக்கு மட்டும் சொல்லவில்லை. மைனி இந்தச் சேதியை அடுத்தவள் வாயால், 'உனக்குத் தெரியாதா?' என்கிற கேள்வியோடு கேட்க வேண்டும். அப்படித்தான் கேட்டாள். ஒருத்தி இல்லை, மூன்று பேர் கேட்டார்களாம்.

மறுநாள் அண்ணன் மட்டும் வந்தார். கையில் மாட்டுங்காவில் வாங்கிய மைசூர்பாகு.

"தாய்மாமனுக்குக் கடைசிலதானா தங்கச்சி?"

"கடைசிலயும் நான் சொல்லலியே அண்ணே. நீங்களாத்தான தெரிஞ்சுகிட்டிய."

மகள் அவர் காலில் விழுந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சிரித்தவர்களில் அவரும் உண்டு.

ஆகஸ்டில் மராத்வாடாப் பக்கம் ஒரு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்து மகள் ஹாஸ்டலுக்குப் போனாள். புத்தகங்களை எதிர் வீட்டில் பதினொன்றாவது படிக்கும் பெண்ணுக்குக் கொடுத்தேன். அவளும் தமிழ் பேசுகிறவள், வாசிக்கத் தெரியாதவள். தினமும் சாயங்காலம் வந்து உட்காருவாள், நான் தமிழ்ப் புத்தகத்தை வாசிப்பேன்.

கணபதி கரைத்த மறுவாரம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மைனி வந்தாள். எங்கள் வீடு மேல்தளம், செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறி வர வேண்டும். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"இந்த ஏணிய இன்னும் மாத்தலியா நீங்க?"

"ஏணிக்கு என்ன மைனி, நல்லாத்தான இருக்கு. ஒங்களுக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சு."

டீ போட்டுக் கொடுத்தேன். எதிர் வீட்டுப் பெண் மூலையில் புத்தகத்தோடு இருந்தாள். மைனி கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"சின்னவ இப்ப லெவன்த். கிளாஸ்ல போட்டும் ஒண்ணும் ஏறல. ஒன் மக என்ன புக்கு படிச்சா? மறைக்காமச் சொல்லு."

நான் எதையும் மறைக்கவில்லை. மத்திய போர்டு புத்தகம், எந்தப் பதிப்பு, எந்த வினா வங்கி, எந்தப் பாடங்களை விட வேண்டும், எல்லாம் சொன்னேன். போனில் தட்டிக்கொண்டே வந்தாள்.

"இவ்வளவுதானா? இதெல்லாம் எங்க வீட்லயும் இருக்கே."

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்று தமிழ் உயிரியல் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். காலையில் வாசித்தது, சொல்லுக்குச் சொல் நிறுத்தியது, எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரு பக்கத்தைத் திறந்து, "இந்த இடத்துலருந்து ஆரம்பிங்க மைனி, இதுதான் லேசு" என்றேன்.

மைனி பம்பாயில் பிறந்து இந்தி ஸ்கூலில் படித்தவள். அவளுக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. கல்யாணம் ஆன புதிதில் ஊரிலிருந்து வரும் கடிதங்களை அவளுக்கு வாசித்துச் சொன்னவள் நான்.

பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னவளுக்கு வாசிக்க வராது."

"என் மகளுக்கும் வராது. நான்தான் வாசிச்சேன்."

"எனக்கும் வராதுன்னு ஒனக்குத் தெரியும்லா."

"தெரியும் மைனி."

டீ ஆறிப்போயிருந்தது. அவள் அதைக் குடித்து முடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சின்னவள தெனமும் அனுப்பி வைக்கேன். நீ வாசிச்சுக் காட்டேன்" என்றாள். எனக்கு அவளைத் தெரிந்த இத்தனை வருடங்களில் அவள் என்னிடம் இறங்கி வந்து ஒரு உதவி கேட்டது அதுதான் முதல் தடவை.

"தீவாளி ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு மைனி. எனக்கு எங்க நேரம்?"

அவள் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள். எங்கள் ஏணியில் இறங்கும்போது சுவரைப் பார்த்துத்தான் இறங்க முடியும். அதனால் அவள் முகம் எனக்கு நேரே இருந்தது. படி தெரிவதற்காகப் போனில் டார்ச் அடித்துக் காட்டினேன். அவள் கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அன்றைய பாடத்தை வாசிக்கத் தொடங்கினேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக.