மொட்டைமாடியில் விரித்த பேனர்

ஏலகிரிக்குப் போய் ஓர் இரவு தங்குவதென்று ஆபீஸில் முடிவானதும் நான்தான் முதல் ஆளாக டென்ட் வாங்கினேன். அதற்கு அடியில் விரிக்கத் தனியாக ஒரு ஷீட் வேண்டும், இல்லாவிட்டால் கல்லும் முள்ளும் டென்ட்டைக் கிழித்துவிடும், ஈரமும் ஏறும் என்று வீடியோக்களில் சொன்னார்கள். பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டி ஒருவர் அதைச் செய்தும் காட்டினார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. தி.நகர் ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஐம்பது வயதைத் தொட்டுவிட்டவன் நான். என் கையால் ஒன்றைச் செய்து நாலு பேரிடம் காட்ட வேண்டும் என்று ஆசை.

மயிலாப்பூரில் பேனருக்கா பஞ்சம்? எங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கழியிலிருந்து அவிழ்த்த ஒன்று சுவரோரமாகச் சுருண்டு கிடந்தது. மழையில் நனைந்து, சேறு அப்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாக்கிங் முடித்து வரும்போது அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கதவைத் திறந்த மனைவி முகம் சுளித்தாள். "கண்ட குப்பையையும் ஏன்னா ஆத்துக்குள்ள கொண்டு வரேள்?"

"ஆத்துக்குள்ள இல்லை, மாடிக்கு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

மொட்டைமாடியில் விரித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்தேன். சேறு கரைந்ததும் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துகள் தெரிந்தன. அதன் கீழே கோட்டும் டையும் போட்ட ஒருவரின் படம். சிவந்த முகம், படிய வாரிய தலை. பெயரும் பெரிதாக இருந்தது. படித்தேன். நான் அறிந்த யாருடைய பெயராகவும் அது தோன்றவில்லை. யாரோ கட்சிக்காரராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளையாக இருந்த பின்பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டேன். காய்ந்ததும் அதன்மேல் டென்ட்டை நிறுத்திச் சுற்றிலும் அடையாளம் வைத்து, டென்ட்டை எடுத்துவிட்டு, அந்த அடையாளத்துக்கு ஒரு சாண் உள்ளே தள்ளிக் கோடு போட்டேன். ஷீட் டென்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீர் அதில் விழுந்து அடியில் தேங்கிவிடுமாம். கத்தரிக்கோலால் ஒரு பக்கத்தை வெட்டி முடித்தேன். கை வலித்தாலும் மனம் குளிர்ந்திருந்தது.

அப்போதுதான் இஸ்திரி போடும் அம்மாள் மாடிக்கு வந்தார். எங்கள் கட்டடத்துக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். வண்டி அவர் கணவருடையது. கணவர் போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது இவர்தான் தேய்க்கிறார். கொடியில் காயும் துணியை அவரே வந்து எடுத்துப்போவது வழக்கம்.

"இன்னா சார் செய்றீங்க?" என்று துணிகளை எடுத்தபடி கேட்டார்.

கேட்க ஆள் கிடைத்த உற்சாகத்தில் ஏலகிரி, டென்ட், மழை எல்லாவற்றையும் விளக்கினேன். "பாரும்மா, எவ்வளவு கெட்டி" என்று ஒரு பக்கத்தைத் தூக்கி மடித்துக் காட்டினேன். படம் மேலே வந்தது. நான் வெட்டிய வெட்டு, அந்த மனிதரின் தோளை ஒட்டிப் போயிருந்தது.

"யாரோ செத்துப்போனவருக்கு வெச்சது. தெருவுல சும்மா கிடந்தது" என்றேன்.

அவர் கையிலிருந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். பிறகு, "எங்க வூட்டுக்காரரு சார்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. எத்தனையோ வருடங்களாக என் சட்டைகளைத் தேய்த்துக் கொடுத்த மனிதர். அவர் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. "தேய்ச்சாச்சா?" என்பதைத் தாண்டி அவரிடம் ஏதாவது பேசியிருக்கிறேனா என்று யோசித்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"தெரியலைம்மா... கோட்டெல்லாம் போட்டு..." என்று குழறினேன்.

"அது ஸ்டாண்டு பசங்க கம்ப்யூட்டர்ல போட்டது சார். அவரு எங்க கோட்டு போட்டாரு? மூஞ்சியையும் செவப்பாக்கி வெச்சிட்டானுங்க. உங்களுக்கு எப்டி தெரியும்?" என்றார். எனக்காக அவரே ஒரு சமாதானத்தைத் தேடித் தந்தது என்னை இன்னும் குறுக வைத்தது.

பேனரின் ஓரத்தைத் தொட்டு, "மூஞ்சிய மட்டும் வெட்டிக் குடுத்துடு சார். கால்ல படக் கூடாது" என்றார்.

வெட்டினேன். ஓரம் கோணலாகப் போயிற்று. அவர் அதை வாங்கி, முகம் உட்புறம் வரும்படி சுருட்டி, துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். என் சட்டைகளும் அந்தத் துணிகளில் இருந்தன.

மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அவர் போன அன்னிக்கு ஒரு எட்டு போய்ட்டு வாங்கோன்னு சொன்னேன். ஆபீஸ் இருக்குன்னேள்" என்றாள். அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்கூட இல்லை.

மறுநாள் காலை மீதி பேனரை மடித்து எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது அவரைப் பார்த்ததும் மறந்துபோயிற்று. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்று மட்டும் வந்தது.

"வுடு சார்" என்று பேனரை வாங்கி வண்டிக்கு அடியில் தள்ளினார். பிறகு இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளித் தேடி, ஒரு படத்தை என் முன்னால் நீட்டினார். பனியன், லுங்கி, தோளில் துண்டு. கரி இஸ்திரிப்பெட்டியின் மூடியைத் திறந்து ஊதிக்கொண்டிருந்தவர் யாரோ கூப்பிட்டு நிமிர்ந்ததுபோல் பார்த்தார்.

"இதான் சார் அவரு."

பார்த்தவுடன் தெரிந்தது. ஆபீஸுக்கு நான் கிளம்பும்போதெல்லாம் அப்படித்தான் நிமிர்ந்து பார்ப்பார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போவேன். இதை அந்த அம்மாளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் துணி மூட்டையோடு வந்துவிட்டாள். அவர் போனை இடுப்பில் செருகிவிட்டு மூட்டையைப் பிரிக்கத் தொடங்கினார்.

டென்ட்டுக்கு சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு தார்ப்பாய் வாங்கி, மறுபடியும் அளந்து வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, மூலைகளில் பித்தளை வளையம் அடித்தேன். ஏலகிரியில் நல்ல மழை. பக்கத்து டென்ட்காரர்கள் நனைந்து எழுந்தார்கள், எங்களுடையது காய்ந்தே இருந்தது. "நீங்களே செஞ்சதா சார்? எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்று கூட வேலை செய்பவர் ஒருவர் ஷீட்டைத் தடவிப் பார்த்தார். இந்தப் பேச்சைக் கேட்கத்தான் ஆசைப்பட்டிருந்தேன். அதை எப்படிச் செய்யக் கற்றேன் என்று அவர் கேட்டுவிடப் போகிறாரே என்ற பயத்தில், டீ குடிக்கப் போவதாகச் சொல்லி நழுவினேன்.

திரும்பி வந்த பிறகு துணியை நானே கீழே எடுத்துப் போகிறேன். முதல் தடவை போனபோது அந்த அம்மாள் கேட்டார்.

"மலையில மழையா சார்?"

"ஆமாம்மா. நல்ல மழை."

"நனையலியே?"

இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு" என்றபடி என் சட்டையின் காலரைத் திருப்பி நீவி, தண்ணீர் தெளித்தார். அவர் தேய்த்து முடிக்கும்வரை நான் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.