வானத்து ரயிலும் வட்டத்து வசனமும்

பி.ஏ. இரண்டாம் ஆண்டில், மயிலாப்பூர் நண்பன் ஒருவன் எனக்கு ஓர் ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகம் கொடுத்தான். "சனிக்கிழமை எங்காத்துல எல்லாரும் இதைப் பத்திப் பேசப்போறோம். நீயும் படிச்சுட்டு வா" என்றான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தக் கூடத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டுத் திரும்பக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

என்ன படங்கள்! ஐம்பது வருடத்துக்கு முந்தைய மனிதர்கள் கனவு கண்ட எதிர்காலம் அது. வானத்தில் தூண்கள்மேல் ஓடும் ரயில், செம்புக் கூரைகள், தொப்பி வைத்த இயந்திர மனிதன், வால்வு ரேடியோவை முதுகில் சுமந்த போலீஸ்காரர். மழை பெய்யும் பக்கத்தைத் தொட்டால் விரல் நனையும் போலிருந்தது.

நொச்சிக்குப்பத்தில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். கடலிலிருந்து திரும்பிய அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா, ரயிலு வானத்துல போவுது! அந்தாளு இன்னா சொல்றான்?"

"'நான் ஓடுகிறேன், அவர்கள் என்னைத் துரத்துகிறார்கள்'ங்கறான்."

"அதான் ஓடிக்கினு கீறானே. அத்த வேற வாய்வுட்டு சொல்லணுமா? சரி, இவ ஏன் அழுவுறா?"

"'என் மனம் மிகவும் சோகமாக இருக்கிறது.'"

"டேய், ஒழுங்கா படிக்கிறியா, இல்ல நீயா எதுனா வுடுறியா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். அச்சில் வந்த ஆங்கிலம் இவ்வளவு சப்பென்று இருக்குமா? இருக்காது, எனக்குத்தான் புரியவில்லை. அகராதியை எடுத்துத் தெரிந்த சொற்களைக்கூடத் தேடினேன். சோகத்துக்கு அதிலும் சோகம் என்றே போட்டிருந்தது.

சனிக்கிழமை, நண்பன் வீட்டில் காபி வந்தது. ஒருவன் கதையில் ஆழ்ந்த தத்துவம் இருப்பதாகச் சொன்னான். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"படம் பிரமாதம். வசனம் ஒண்ணும் தேறல" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"உனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் கஷ்டமா இருந்திருக்கும்டா" என்றான் தத்துவக்காரன், அன்பாகத்தான்.

காது சுட்டது. புத்தகத்தை விரித்து, ஓடுகிறவன் வாயருகே வட்டத்துக்குள் இருந்த வசனத்தைக் கட்டைவிரலால் மூடிக் காட்டினேன். படத்தில் அவன் முன்பைவிட வேகமாக ஓடினான்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நண்பன் சிரித்துவிட்டான். "நானே பாதியில வெச்சுட்டேன்டா. சொன்னா கேலி பண்ணுவேளோன்னு பயம்."

தத்துவக்காரன் சிரிக்கவில்லை. என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, தானே தாளைப் புரட்டி, இன்னொரு வசன வட்டத்தின்மேல் விரலை வைத்தான்.

"இதை மூடு, பாப்போம்" என்றான்.